விண்டோஸுக்குத் தெரியும் வட்டு லினக்ஸுக்கு ஏன் தெரிவதில்லை?

விண்டோஸ் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் மடிக்கணினி. உபுண்டுவோ டெபியனோ நிறுவலாம் என்று பென் டிரைவிலிருந்து தொடங்கினால், எந்த வட்டில் நிறுவுவது என்று கேட்கும் பக்கத்தில் அந்தப் பென் டிரைவின் பெயர் மட்டும் நிற்கிறது. உள்ளே இருக்கும் 512 ஜிபி எஸ்எஸ்டியைக் காணோம். வட்டு கெட்டுவிட்டது என்று சிலர் பதறுகிறார்கள். சிலர் வேறொரு லினக்ஸைப் பதிவிறக்கி மறுபடி முயல்கிறார்கள். சற்று முன்வரை விண்டோஸைச் சுமந்த வட்டு அதற்குள் செத்துவிடாது. அது எந்தப் படியில் மறைந்தது என்றுதான் தேட வேண்டும்.

நிறுவும் நிரல் தானாக வட்டுகளைக் கண்டுபிடிப்பதில்லை. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் தரும் பட்டியலை வாங்கி நமக்குக் காட்டுகிறது, அவ்வளவுதான். கெர்னலோ, தொடங்கும்போதே, பாகங்களை இணைக்கும் பிசிஐ தடத்தில் உள்ள ஒவ்வொரு சாதனத்தையும் விசாரிக்கிறது. தயாரித்தவர் யார், என்ன வகை என்பதை அவை எண்களாகச் சொல்லும். வகை எண் 0108 என்றால் என்விஎம்இ என்ற வேகமான எஸ்எஸ்டி வகை. 0106 என்றால் பழைய வகை வட்டுகளை இணைக்கும் சாட்டா கட்டுப்படுத்தி. 0104 என்றால் பல வட்டுகளைச் சேர்த்து ஆளும் ரெய்டு. எண்ணைப் பார்த்து உரிய இயக்கியை (டிரைவர்) கெர்னல் இணைக்கிறது.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். இன்டெல் செயலி உள்ள பல மடிக்கணினிகள், பயாஸில் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) 'ரெய்டு' அல்லது 'ஆர்எஸ்டி' (இன்டெல்லின் வட்டு மேலாண்மை முறை) என்ற அமைப்போடுதான் விற்பனைக்கு வருகின்றன. 11ஆம் தலைமுறைக்கு முந்தைய பல கணினிகளில், அந்த அமைப்பு என்விஎம்இ வட்டைப் பிசிஐ தடத்திலிருந்தே எடுத்துவிடும். வட்டோடு பேசுவதற்கான முகவரிகள் சாட்டா கட்டுப்படுத்தியின் நினைவகப் பகுதிக்குள் போய்விடும். தெருவில் வாசல் இல்லாமல், முன்வீட்டுக் கூடத்தைக் கடந்துதான் போக வேண்டிய பின்கட்டு வீடு போல. இன்டெல்லின் விண்டோஸ் இயக்கிக்கு அந்த வழி பழக்கம். லினக்ஸிலும் இதற்கு இயக்கி எழுதிப் பார்த்தார்கள். ஆனால் வட்டின் சொந்த பிசிஐ அமைப்புப் பகுதியே மறைந்திருக்கும்போது, மின் சேமிப்பையும் பிழை மீட்பையும் ஒழுங்காகக் கையாள முடியாது. அதனால் அது கெர்னலில் சேரவில்லை. ஒரே ஒரு வட்டு உள்ள கணினிக்கு ரெய்டு எதற்கு என்று கேட்டால், பெரும்பாலும் உருப்படியான பதில் கிடையாது.

இதைச் சோதிப்பது எளிது. பென் டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும் நேரடி அமர்வில் முனையத்தைத் திறந்து, கெர்னலின் பதிவுகளைக் காட்டும் 'டிமெஸ்ஜி' (dmesg) கட்டளையை இயக்கிப் பாருங்கள். மறைந்த என்விஎம்இ வட்டு ஒன்று இருப்பதாகவும், பயாஸை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐ என்ற சாதாரண முறைக்கு மாற்றும்படியும் கெர்னல் தானே எழுதி வைத்திருக்கும். 11ஆம் தலைமுறை முதல் இதே வேலையை விஎம்டி என்ற வேறு அமைப்பு செய்கிறது. அதற்கு லினக்ஸில் இயக்கி உண்டு என்பதால் புதிய பதிப்புகளில் வட்டு தெரிந்துவிடும்; பழைய ஐஎஸ்ஓ நிறுவல் கோப்பில் தெரியாது. சில பயாஸ்களில் விஎம்டி வரியே மறைந்திருக்கும், கன்ட்ரோல் விசையோடு எஸ் அழுத்தினால்தான் தென்படும்.

விண்டோஸையும் வைத்துக்கொள்ள விரும்புபவர்கள் நேராகப் பயாஸுக்குப் போய் மாற்றிவிடக் கூடாது. விண்டோஸ் தொடங்கும்போது, வழக்கமாகப் பயன்படுத்தும் வட்டு இயக்கியை மட்டுமே ஏற்றும். திடீரென்று ஏஎச்சிஐ வந்தால் நீலத்திரைதான். முதலில் விண்டோஸின் வட்டுப் பூட்டான பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டு, பிட்லாக்கரைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பிறகு 'எம்எஸ்கான்ஃபிக்' (msconfig) வழியாகப் பாதுகாப்பு முறையை (சேஃப் மோட்) தேர்ந்தெடுத்து, மறுதொடக்கத்தின்போது பயாஸை மாற்றுங்கள். பாதுகாப்பு முறையில் அடிப்படை இயக்கிகள் எல்லாம் ஏறும் என்பதால் விண்டோஸ் புதிய அமைப்பைப் பழகிக்கொள்ளும். உள்ளே போனதும் பாதுகாப்பு முறையை நீக்கிவிடலாம். எந்தக் கோப்பும் அழியாது. இருந்தாலும் முக்கியமானவற்றை வெளியே நகலெடுத்து வையுங்கள்.

இன்னொரு வகை விசித்திரமானது. வட்டுகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்பிஎல்கே' (lsblk) கட்டளை வட்டைக் காட்டும். நிறுவும் நிரல் மட்டும் ஏற்காது. அந்த வட்டு முன்பு வேறொரு கணினியில் ரெய்டு தொகுப்பின் உறுப்பாக இருந்திருக்கலாம். இன்டெல் ரெய்டின் அடையாளத் தகவல் வட்டின் கடைசியில் எழுதப்படுகிறது. விரைவு ஃபார்மட் அந்த மூலையைத் தொடுவதில்லை. ஆகவே பழைய கூட்டாளிகளை எதிர்பார்த்து நிரல் வட்டை ஒதுக்கிவிடுகிறது. 'வைப்எஃப்எஸ்' (wipefs) கட்டளையை வட்டின் பெயரோடு வெறுமனே இயக்கினால், வட்டில் உள்ள அடையாளங்களைப் பட்டியலிடும், எதையும் அழிக்காது. ரெய்டு அடையாளத்தை மட்டும் நீக்கவும் அதில் வழி உண்டு. எல்லாவற்றையும் அழிக்கும் விருப்பத்தைக் கொடுத்தால் பார்ட்டிஷன் அட்டவணையும் சேர்ந்து போய்விடும் என்பதால், வட்டின் பெயரைச் சரிபார்த்த பிறகே என்டரைத் தட்ட வேண்டும்.

பயாஸிலேயே வட்டு தெரியாவிட்டால், லினக்ஸில் தேடிப் பயனில்லை. சாட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். மதர்போர்டில் நேரே செருகும் எம்.2 வட்டாக இருந்தால் மதர்போர்டின் கையேட்டைப் பாருங்கள்: சில பள்ளங்கள் சாட்டாவுக்கு மட்டும் இணைக்கப்பட்டவை, அவற்றில் என்விஎம்இ வட்டு கச்சிதமாகப் பொருந்தும், வேலை செய்யாது. சில பலகைகளில் எம்.2 பள்ளம் நிரம்பினால் ஒரு சாட்டா இணைப்பு அணைந்துவிடும். பக்கத்தில் இருக்கும் பழைய வன்தட்டு காணாமல் போவதற்கு இதுவும் காரணமாகலாம்.