கூட்டாட்சியா, கூட்டமைப்பா? சுவிட்சர்லாந்தை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

"சுவிட்சர்லாந்து 26 மாகாணங்களின் கூட்டமைப்பு. கூட்டமைப்புப் பேரவை நாட்டை ஆள்கிறது." நாட்டு அறிமுகக் கட்டுரைகளில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் வரிகள் இவை. இரண்டு வரிக்குள் மூன்று பிழை: மாகாணம், கூட்டமைப்பு, பேரவை.

ஃபெடரல் (கூட்டாட்சி முறை சார்ந்த) என்ற சொல்லின் வேர் லத்தீன் 'ஃபோய்டுஸ்', அதாவது உடன்படிக்கை. கான்ஃபெடரேஷனுக்கும் (கூட்டமைப்பு) அதே வேர்தான். வேர் ஒன்று என்பதால் பொருளும் ஒன்றாகிவிடாது.

கூட்டமைப்பு என்றால் தமிழில் நமக்கு என்ன தோன்றுகிறது? வணிகர் சங்கங்களின் கூட்டமைப்பு, தொழிற்சங்கக் கூட்டமைப்பு. உறுப்புச் சங்கம் தன் விருப்பப்படி சேரும், விலகும். கூட்டமைப்பு பேசுவது சங்கத்தோடுதான். சங்கத்தின் உறுப்பினர் வீட்டுக்கு வந்து சந்தா கேட்காது. 1815 முதல் 1848 வரை சுவிட்சர்லாந்து கிட்டத்தட்ட இந்த நிலையில்தான் இருந்தது. கன்டோன் என்பது அங்குள்ள உறுப்பு நிலப்பகுதி. 22 கன்டோன்களின் (இரண்டிரண்டாகப் பிரிந்தவற்றையும் ஒவ்வொன்றாகவே எண்ணிய கணக்கு இது) தூதர்கள் ஒரு சபையில் கூடுவார்கள். ஊரில் சொல்லி அனுப்பியபடிதான் வாக்களிப்பார்கள். கன்டோனுக்குக் கன்டோன் சுங்கச்சாவடி, கன்டோனுக்குக் கன்டோன் நாணயம். 1847 நவம்பரில், ஒரு மாதம்கூட நீடிக்காத உள்நாட்டுப் போர் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது. மறு ஆண்டே புதிய அரசமைப்பு வந்தது.

அன்றிலிருந்து அது கூட்டாட்சி. கூட்டாட்சி அரசு இயங்கும் பெர்ன் நகரில் இயற்றும் சட்டம் கன்டோனைத் தாண்டிக் குடிமகனை நேரடியாகக் கட்டுப்படுத்தும். கடையில் ஒரு பொருள் வாங்கினால் 8.1 சதவீத மதிப்புக் கூட்டு வரி கூட்டாட்சி அரசின் பெயரில் போகிறது. கூட்டாட்சி வருமான வரியைக் கன்டோன்கள்தான் வசூலித்துக் கொடுக்கின்றன. ஆனால் விதிப்பது பெர்ன். தனிநபருக்கு அதன் உச்சவரம்பு 11.5 சதவீதம் என்று அரசமைப்பிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். இந்த இரண்டு வரிகளையும் விதிக்கும் உரிமை 2035 இறுதியோடு காலாவதியாகும். நீட்டிக்க வேண்டுமானால் மக்கள் வாக்கும் வேண்டும், பெரும்பான்மைக் கன்டோன்களின் வாக்கும் வேண்டும். கூட்டாட்சி என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான உரை கிடைக்காது.

மொழிபெயர்ப்பாளர் ஏன் வழுக்குகிறார்? பெயர்ப்பலகையைப் பார்த்து மொழிபெயர்ப்பதால். பிரெஞ்சில் இன்றும் அதன் பெயர் 'கான்ஃபெடரேஷன்'தான். கார்களில் ஒட்டும் 'சிஎச்' எழுத்துகளும் அதே பெயரின் லத்தீன் வடிவத்தின் சுருக்கமே. ஜெர்மன் பெயரோ 'சத்தியம் செய்த தோழர்களின் கூட்டு' என்ற பொருளுடையது. பழைய பெயரை வைத்துக்கொண்டார்கள், அமைப்பை மாற்றிவிட்டார்கள். பெயரைச் சொல்லும் இடத்தில் மட்டும் 'சுவிஸ் கூட்டமைப்பு' என்று எழுதலாம். ஆட்சிமுறையை விளக்கும் இடத்தில் அதே சொல்லை எழுதினால் அது தகவல் பிழை.

கூட்டாட்சி என்ற சொல்லுக்கும் ஒரு நோய் இருக்கிறது. பல கட்சிகள் சேர்ந்து ஆள்வதையும் இப்போது கூட்டாட்சி என்கிறார்கள். "மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி" என்ற 1970-ஆம் ஆண்டு முழக்கத்தையே கட்சிக் கூட்டணி என்று புரிந்துகொள்பவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தில் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகும். அங்கே அமைச்சர்கள் ஏழு பேர். 1959 முதல் பெரிய கட்சிகள் அந்த இடங்களைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆக அது கூட்டாட்சி அரசும்தான், கூட்டணி அரசும்தான். கட்சிகள் சேர்ந்தால் கூட்டணி ஆட்சி, நிலப்பகுதிகள் சேர்ந்தால் கூட்டாட்சி என்று கறாராகப் பிரித்து எழுதாவிட்டால் வாசகருக்கு ஒன்றுமே விளங்காது.

ஃபெடரலுக்குச் சமஷ்டி என்ற சொல் இலங்கைத் தமிழில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அரசியல் வரலாற்றை எழுதும்போது அதை நீக்க முடியாது, நீக்கவும் கூடாது. ஆனால் புதிதாக எழுதுவோர் அதைக் கையில் எடுக்க வேண்டியதில்லை. வடமொழியில் சமஷ்டி என்றால் மொத்தம், முழுமை. அதன் எதிர்ச்சொல் வியஷ்டி, அதாவது தனித்தனி. கூட்டாட்சியின் உயிரே தனித்தனி உறுப்புகளின் அதிகாரத்தில்தான் இருக்கிறது. அந்தப் பாதியை மறைத்துவிடும் சொல் எப்படிப் பொருந்தும்? கூட்டு, ஆட்சி என்ற இரண்டும் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும்.

மாகாணம் என்பதோ மேலிருந்து கோடு போட்டுப் பிரித்தது. சென்னை மாகாணம் அப்படி உருவானதுதான். கன்டோன்கள் கூட்டாட்சிக்கு முன்பே இருந்தவை. ஜூரா ஒன்றுதான் 1979-இல் பெர்ன் கன்டோனிலிருந்து பிரிந்து புதிதாகச் சேர்ந்தது. அதனால் கன்டோன் என்றே எழுதுவது நேர்மை.

பேரவை என்றதும் சட்டமன்றம்தான் நினைவுக்கு வரும். ஏழு பேர் கொண்ட அந்த அவை ஆட்சி நடத்துவது. எனவே 'கூட்டாட்சி அமைச்சரவை'. நாடாளுமன்றத்துக்கு இரண்டு அவைகள். 200 பேர் கொண்டது தேசிய அவை. 46 பேர் கொண்டது கன்டோன் அவை: 20 கன்டோன்களுக்கு இரண்டிரண்டு, மற்ற ஆறுக்கு ஒவ்வொன்று. ஆண்டுக்கொருவர் என மாறிவரும் தலைவரை 'ஜனாதிபதி' என்று எழுதாதீர்கள். அவர் ஏழு அமைச்சர்களில் ஒருவர், தம் துறையையும் சேர்த்தே கவனிப்பவர். மற்ற அறுவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. 'அவ்வாண்டின் கூட்டாட்சித் தலைவர்' என்றால் போதும்.