கத்திரி வெயிலின் கணக்கு ஆடியில்

செவ்வாய்க்கிழமை வேலூர் பக்கத்துப் பொய்கை மாட்டுச் சந்தையில் வண்டியிலிருந்து இறக்கும் காளையைக் கவனித்திருக்கிறீர்களா? கயிற்றை இழுத்தாலும் நகராது. கழிந்துகொண்டே மிரண்டு பார்க்கும். பயணம், புது மாடுகள், இரைச்சல் எல்லாம் சேர்ந்து அதன் ரத்தத்தில் கார்ட்டிசால் என்ற நெருக்கடி ஹார்மோனை ஏற்றிக்கொண்டிருக்கும்.

மூளையின் ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்ட, அது சிறுநீரகத்துக்கு மேலே இருக்கும் அட்ரினல் சுரப்பியைத் தூண்ட, கார்ட்டிசால் சுரக்கிறது. சிக்கல் என்னவென்றால், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனுக்கான உத்தரவும் இதே ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி வழியாகத்தான் போகிறது. ஹைப்போதலாமஸ் விட்டு விட்டுச் சுரக்கும் ஜிஎன்ஆர்எச் என்ற ஹார்மோன், பிட்யூட்டரியிலிருந்து எல்எச் என்ற இன்னொரு ஹார்மோனை வரவழைக்கும்; எல்எச் வந்தால்தான் விரையின் லேடிக் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் செய்யும். கார்ட்டிசால் மிகுந்தால் விட்டு விட்டு வரும் அந்தச் சுரப்பு தளர்ந்துவிடுகிறது. லேடிக் செல்லுக்குள்ளேயே கார்ட்டிசாலை முடக்கும் நொதி ஒன்று காவலுக்கு இருக்கிறது. ஆனால் அளவு மீறினால் அதுவும் திணறும்.

எல்லா ஆணுக்கும் ஒரே மாதிரி நடப்பதில்லை. ஆப்பிரிக்க பபூன் குரங்குகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த ராபர்ட் சபோல்ஸ்கி, திடீர் நெருக்கடியில் சாதாரண ஆண்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் உடனே இறங்க, கூட்டத்தின் தலைமை ஆண்களுக்குக் கொஞ்ச நேரம் ஏறுவதைக் கண்டார். குரங்கிலும் பெரிய மனுஷன் தனி ரகம்தான்!

சரி, ஒரு நாள் சந்தையோ எருது விடும் விழாவோ பெரிய பாதிப்பில்லை. மிரட்சி தெளிந்து, தீவனமும் தண்ணீரும் கிடைத்தால் காளை தேறிவிடும். வேலூரில் நான் அஞ்சுவது வாரக்கணக்கில் நீளும் வெயிலுக்குத்தான். காளையின் உடல் வெப்பம் சுமார் 38.5 டிகிரி, விரை அதைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாக இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் அது வெளியே தொங்குகிறது. உள்ளே போகும் சூடான ரத்தத்தை, திரும்பி வரும் ரத்தம் வழியிலேயே ஆற்றிவிடும். வெளிக்காற்றே 40 டிகிரியைத் தாண்டினால் எதை வைத்து ஆற்றுவது? ஹார்மோன் ஒரு பக்கம் தடுமாற, வளர்ந்துகொண்டிருக்கும் விந்தணுக்கள் மறுபக்கம் வெந்துபோகின்றன.

காளையில் ஒரு விந்தணு உருவாக சுமார் 61 நாள். அப்புறம் முதிர்ந்து வெளிவர இன்னும் பத்து நாள் போல ஆகும். அதனால் கத்திரியில் பட்ட அடி இரண்டு வாரத்தில் தலைகாட்டி, இரண்டு மாதத்துக்கு மேலும் நீளும். காளை வழக்கம்போல மாட்டின் மேல் ஏறும், ஆனால் சினை நிற்காது. ஆடி மாதம் பசு திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வந்தால், காளையைச் சந்தைக்கு ஓட்டும் முன் எழுபது நாள் பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். அப்போது அதை எங்கே கட்டியிருந்தீர்கள், தகரக் கொட்டகையிலா, புங்கமர நிழலிலா?