முன்கண்ணாடியை மட்டும் துடைத்தால் போதாது: கார் கூரையில் கிடக்கும் பனியும் சட்டமும்

இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கும். காலையில் வேலைக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரத்தில் முன்கண்ணாடியை மட்டும் சுரண்டி, வைப்பரை இரண்டு தடவை ஓடவிட்டு, வண்டியை எடுத்துவிடுகிறோம். கூரைமேல் அரை அடிப் பனி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. "எனக்கு முன்னால் தெரிகிறது, அப்புறம் என்ன?" என்று தோன்றும். அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்கள் சிலவற்றில் அப்படி வண்டியை எடுப்பது அபராதத்துக்குரிய குற்றம். கூரையில் இருக்கும் பனி ஓட்டுபவரின் பார்வையை மறைப்பதில்லை. அதனால் ஆபத்து பெரும்பாலும் பின்னால் வருகிறவருக்குத்தான். அவரைக் காப்பதற்காகவே இந்தச் சட்டங்கள் வந்தன.

புதிதாகப் பெய்த பனி பஞ்சு மாதிரி இருக்கிறது, அது யாரை என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. ஓட்டும்போது உள்ளே ஹீட்டர் போடுகிறோம். அந்தச் சூட்டில் கூரையை ஒட்டியிருக்கும் பனி கொஞ்சம் உருகும். வண்டியை நிறுத்தியதும் அது மறுபடி உறையும். இரண்டு மூன்று நாள் இப்படி நடந்தால் கூரையின் அளவுக்கு ஒரே ஐஸ் பலகை தயாராகிவிடும். இரண்டு சென்டிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டர் ஐஸ் பலகை சுமார் 18 கிலோ இருக்கும். நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் காற்று அதன் அடியில் புகுந்து, தகரக் கூரையைப் புயல் பெயர்ப்பதுபோலப் பெயர்த்துத் தூக்கிவிடும். மேலே போன பலகை காற்றில் வேகம் இழக்கும். பின்னால் வருகிறவரோ மணிக்கு 65 மைல் வேகத்தில் வந்து அதன்மேல் மோதுவார். முன்கண்ணாடி அதைத் தாங்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பலகை பின்பக்கமாகத்தான் போகும் என்றும் இல்லை. திடீரென்று பிரேக் போட்டால் கூரைப் பனி மொத்தமும் முன்பக்கம் சரிந்து நம் கண்ணாடியையே மூடிவிடும். வைப்பரால் அதைத் தள்ள முடியாது. ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் சில விநாடிகள் கண் தெரியாமல் உட்கார்ந்திருப்போம்.

சரி, சட்டத்துக்கு வருவோம். நியூஜெர்சியில் 2010 அக்டோபரிலிருந்து இது ஓட்டுநரின் கடமை. வண்டியின் வெளிப்பரப்பில் சேர்ந்திருக்கும் பனியையும் ஐஸையும் அகற்ற நியாயமான முயற்சி அனைத்தும் எடுத்தாக வேண்டும். முன்கண்ணாடி, மற்ற கண்ணாடிகள், பானட், டிக்கி, கூரை எல்லாமே இதில் அடங்கும். செய்யாமல் சாலைக்கு வந்தால் ஒவ்வொரு தடவைக்கும் 25 முதல் 75 டாலர் வரை அபராதம். பனி விழுந்து யாருக்காவது அடிபட்ட பிறகுதான் போலீஸ் நிறுத்தும் என்பது தவறான எண்ணம். கூரையில் பனி இருப்பது கண்ணில் பட்டாலே நிறுத்தி டிக்கெட் (அபராதச் சீட்டு) கொடுக்கலாம். இந்த டிக்கெட்டால் லைசென்ஸில் பாயிண்ட், அதாவது விதிமீறலுக்கான தண்டனைப் புள்ளி, ஏறாது.

பனியோ ஐஸோ பறந்துபோய் ஒருவருக்குக் காயமோ பொருளுக்குச் சேதமோ ஏற்பட்டால் கணக்கு மாறிவிடும். சாதாரண கார் ஓட்டுபவருக்கு 200 முதல் 1,000 டாலர் வரை. லாரி போன்ற வணிக வாகனத்துக்கு 500 முதல் 1,500 டாலர் வரை. பொருள் சேதம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பின்னால் வந்த காரின் கண்ணாடியில் விரிசல் விழுந்தாலே இந்தப் பிரிவு வரும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பனி பெய்ய ஆரம்பித்து, பெய்துகொண்டே இருந்தால், அப்போது கூரையில் சேர்ந்ததற்கு அபராதம் இல்லை. நடுச்சாலையில் நிறுத்திப் பெருக்கு என்று எந்தச் சட்டமும் கேட்காது. ஆனால் நேற்றைய பனியோடு கிளம்பிவிட்டு "இப்போதும் பெய்கிறதே" என்று சொல்வது எடுபடாது.

பென்சில்வேனியாவின் சட்டத்துக்குப் பின்னால் ஒரு மரணம் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று, சாலையில் போன ஒரு லாரியின் மேலிருந்து பறந்த ஐஸ், கிறிஸ்டின் என்ற பெண் இருந்த காரின் முன்கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு உள்ளே வந்தது. அவர் இறந்துபோனார். அதற்குப் பிறகு அங்கே வந்த விதி, ஐஸ் விழுந்து ஒருவர் இறந்தால் அல்லது படுகாயமடைந்தால் மட்டும் அபராதம் என்றது. அதாவது நடக்கக் கூடாதது நடந்து முடிந்த பிறகுதான் விதியே வரும். முன்கூட்டியே தடுக்கும் சட்டம் வேண்டும் என்று லிசா போஸ்கோலா என்ற மாநில செனட்டர் ஆண்டுக்கணக்கில் போராடினார். 2022 ஜூலையில்தான் கையெழுத்தானது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கிறிஸ்டின் சட்டம் என்றே அதைச் சொல்கிறார்கள். இவ்வளவு எளிய ஒரு விதிக்கு பதினாறு வருடத்துக்கும் மேல் ஆனது எனக்கு இன்னும் வருத்தமாகவே இருக்கிறது.

அந்தச் சட்டப்படி, பனி பெய்வது நின்ற 24 மணி நேரத்துக்குள் பானட், டிக்கி, கூரை உட்பட வண்டியில் சேர்ந்த பனியையும் ஐஸையும் அகற்ற நியாயமான முயற்சி எடுக்க வேண்டும். தவறினால் 50 டாலர் வரை அபராதம். விழுந்த ஐஸால் மரணமோ படுகாயமோ நேர்ந்தால் 200 முதல் 1,500 டாலர் வரை.

இந்த 24 மணி நேரத்தைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஒருநாள் முழுக்க எப்படி வேண்டுமானாலும் ஓட்டலாம் என்று அர்த்தமில்லை. முன்கண்ணாடியில் பார்வையை மறைக்கும் அளவுக்குப் பனியோ ஐஸோ இருக்கும்போது ஓட்டுவது தனி விதிமீறல். அதற்கு இந்த அவகாசம் கிடையாது. அவகாசம் சட்டத்துக்குத்தான், ஐஸுக்கு இல்லை. பெய்து நின்ற மூன்றாவது மணியிலும் அது பறக்கும்.

கனெக்டிகட்டில் விதி ஏறக்குறைய நியூஜெர்சி மாதிரிதான். 2013 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் இருக்கிறது. பனியை எடுக்காமல் ஓட்டினால் 75 டாலர், விழுந்து சேதம் விளைந்தால் அதைவிடப் பல மடங்கு. நியூ ஹாம்ப்ஷயரில் ஜெசிகா சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதுவும் லாரியிலிருந்து விழுந்த ஐஸால் உண்டான விபத்தில் இறந்த ஓர் இளம்பெண்ணின் பெயர்தான். அங்கே இதைக் கவனக்குறைவாக ஓட்டும் குற்றமாகவே பார்க்கிறார்கள். முதல் தடவைக்கே 250 முதல் 500 டாலர் வரை, அடுத்தடுத்த தடவைக்கு 1,000 டாலர் வரை போகும்.

லாரி ஓட்டுநர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டி லாரியின் கூரை பதின்மூன்று அடிக்கும் மேலே இருக்கிறது. உறைந்த தகரத்தின்மேல் ஏறிப் பெருக்கச் சொன்னால் அவர் விழுந்து சாவார். அதனால்தான் பென்சில்வேனியா சட்டம், ஓட்டுநரின் உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் அந்த வேலையிலிருந்து விலக்குத் தருகிறது. லாரிக் கூரைப் பனியை எடுப்பதற்கென்றே சில லாரி நிலையங்களில் வாசல்போல உயரமான சட்டகம் ஒன்று நிற்கும். அடியில் வண்டி மெதுவாகப் போனால் மேலே இருக்கும் பனியை அது வழித்துத் தள்ளிவிடும். எல்லா இடத்திலும் அது இல்லை என்பதால், பனி பெய்த மறுநாள் பெட்டி லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். இடைவெளி விடுங்கள், முடிந்தால் வேறு லேனுக்கு மாறிவிடுங்கள்.

வண்டியைச் சுத்தம் செய்ய முதலில் கூரையிலிருந்து ஆரம்பியுங்கள். கண்ணாடியை முதலில் துடைத்தால் கூரைப் பனி அதன்மேல் விழுந்து வேலை இரட்டிப்பாகும். பெரிய எஸ்யூவி என்றால் கைப்பிடி நீளும் பிரஷ் தேவை. நுரைப்பஞ்சுத் தலை வைத்த பிரஷ் பெயிண்டைக் கீறாது; மண்வெட்டியைத் தொடவே வேண்டாம். கண்ணாடியில் சுடுதண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விட்டுவிடும். ஹெட்லைட், பின்விளக்கு, நம்பர் பிளேட், பின்பக்கக் கேமரா ஆகியவற்றையும் துடையுங்கள். எல்இடி விளக்குகள் பழைய பல்புபோல முன்பக்கம் சூடாவதில்லை, அதனால் அவற்றின்மேல் ஒட்டிய பனி தானாக உருகும் என்று நம்ப முடியாது.

இன்னொன்றை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டும். இன்ஜினை ஆன் செய்வதற்கு முன் பின்னால் போய்ப் புகைக்குழாயைப் பாருங்கள். அது பனியில் புதைந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு வெளியே போக வழியில்லாமல் வண்டிக்குள் வந்துவிடும். அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. நாம் வெளியே பனியைத் தள்ளிக்கொண்டிருக்க, குளிருகிறதே என்று குழந்தையை உள்ளே உட்காரவைத்து ஹீட்டர் போடுவதுதான் வழக்கம். குழாய் திறந்திருப்பதைப் பார்க்காமல் அப்படிச் செய்யவே கூடாது.

வேறு வண்டியிலிருந்து ஐஸ் வந்து உங்கள் கண்ணாடியில் அடித்தால் ஸ்டியரிங்கைச் சட்டென்று திருப்பாதீர்கள், பிரேக்கை அழுத்தி மிதிக்காதீர்கள். நிதானமாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி, அவசர உதவி எண்ணான 911க்குக் கூப்பிடுங்கள். அந்த வண்டியின் நம்பர், நிறம், லாரி என்றால் பக்கவாட்டில் எழுதியிருக்கும் நிறுவனப் பெயர், எந்த மைல்கல் அருகே நடந்தது என்பதையெல்லாம் மறப்பதற்குள் குறித்துக்கொள்ளுங்கள். வண்டிக்குள் சாலையைப் பதிவுசெய்யும் டேஷ்கேம் கேமரா இருந்தால் அந்தப் பதிவு அழிந்துவிடாமல் உடனே தனியாகச் சேமித்துவிடுங்கள்.