டெஸ்ட்நெட் கீ என்று ஒன்று கிடையாது, தம்பி

போன வாரம் இரவு பதினொன்றரைக்கு ஒரு போன். "அண்ணா, வாலட்ல இருந்த யுஎஸ்டிசி மொத்தமும் போயிடுச்சு." பேசியவர் என் வார இறுதி பிளாக்செயின் வகுப்புக்கு வந்த இறுதியாண்டு மாணவர். யுஎஸ்டிசி என்றால் டாலர் மதிப்பில் நிற்கும் கிரிப்டோ நாணயம். வெளிநாட்டுக்காரர் ஒருவருக்கு இணையதளம் செய்துகொடுத்து நாலு மாதமாகச் சேர்த்த கூலி அது. நான் ஒன்றுதான் கேட்டேன்: "கிட்ஹப்பில் (நிரல்களைப் பகிரும் தளம்) கடைசியா என்னப்பா ஏத்தினே?" கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு வந்த பதிலை இந்த வருடம் மூன்றாவது ஆளிடம் கேட்கிறேன்: "அதுல இருந்தது டெஸ்ட்நெட் கீ தானேண்ணா?"

அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கீ என்றால் பணத்தை நகர்த்தக் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி. டெஸ்ட்நெட் என்றால் பொய்க் காசில் பழகும் செயின் (பிளாக்செயின்), மெயின்நெட் என்றால் நிஜப் பணம் ஓடும் செயின்.

சாலிடிட்டி மொழியில் காண்ட்ராக்ட் (செயினில் ஓடும் நிரல்) எழுதுவதற்கும், ஹார்ட்ஹாட், ஃபவுண்டரி என்ற கருவிகளில் கம்பைல் செய்வதற்கும், செபோலியா என்ற டெஸ்ட்நெட்டில் டிப்ளாய் செய்வதற்கும் (ஏற்றுவதற்கும்) யூடியூபில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன. அதற்குள் நான் போகவில்லை. (ட்ரஃபிள் என்ற பழைய கருவியை வைத்துச் சொல்லித்தரும் பாடம் கண்ணில் பட்டால் மட்டும் மூடிவிடுங்கள். 2023-லேயே அதன் கடையைச் சாத்தியாயிற்று.) ஆனால் அந்தப் பாடங்களில் பாதி, "இப்போது உங்கள் பிரைவேட் கீயை என்வ் கோப்பில் ஒட்டுங்கள்" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுகின்றன. என்வ் என்பது நிரலுக்கு வேண்டிய ரகசியங்களை வைக்கும் கோப்பு. எந்தக் கணக்கின் கீ என்று யாரும் சொல்வதில்லை. பையன்கள் கையில் இருக்கிற ஒரே கணக்கின் கீயை ஒட்டுகிறார்கள்.

பிரைவேட் கீ என்பது 256 பிட் எண். அதைக் கணக்குப் போட்டால் பப்ளிக் கீ வரும். அதை ஹாஷ் செய்து (ஒருவழிக் கணக்கில் சுருக்கி) கடைசி 20 பைட்டை எடுத்தால் உங்கள் முகவரி. இந்தக் கணக்கில் செபோலியா எங்கே வந்தது? பாலிகான் என்ற இன்னொரு செயின் எங்கே வந்தது? எங்கேயும் வரவில்லை. எத்திரியம் வழியில் ஓடும் எந்தச் செயினுக்குப் போனாலும் அதே கீ, அதே முகவரி. "செயின் ஐடி வேறதானே சார்?" என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். ஆமாம், ஒவ்வொரு செயினுக்கும் ஓர் எண் உண்டு: எத்திரியம் மெயின்நெட்டுக்கு 1, செபோலியாவுக்கு 11155111. அந்த எண் கையெழுத்துக்குள் போகிறது. செபோலியாவில் போட்ட கையெழுத்தை எடுத்துவந்து மெயின்நெட்டில் செல்லுபடியாக்க முடியாது, அவ்வளவுதான் அதன் வேலை. கையெழுத்தைப் போடுகிற கையே திருடன் வசம் இருந்தால் அவன் எந்தச் செயினுக்கு வேண்டுமானாலும் புதிதாகப் போட்டுக்கொள்வான்.

வாலட்டில் நெட்வொர்க்கை மாற்றினால் பேலன்ஸ் மாறுகிறது. உடனே கணக்கே மாறிவிட்டதாக மனது நம்பிவிடுகிறது. மாறியது நீங்கள் பார்க்கிற பேரேடு மட்டும்தான்.

"டெஸ்ட்டுக்குன்னு வெச்ச கணக்குல நிஜப் பணம் எப்படிப்பா வந்துச்சு?" என்று தம்பியிடம் கேட்டேன். அதற்கும் ஒரு வழக்கமான கதை உண்டு. டெஸ்ட் காசை இலவசமாகத் தரும் தளம்தான் ஃபாசெட். சில ஃபாசெட்டுகள், மெயின்நெட்டில் 0.001 ஈதராவது (எத்திரியத்தின் நாணயம்) இருந்தால்தான் டெஸ்ட் ஈதர் தரும். போலிக் கணக்குகளைத் தடுக்க அந்த ஏற்பாடு. அதற்காக நிஜ ஈதர் கொஞ்சம் போட்டார். பிறகு சம்பளம் அனுப்ப முகவரி கேட்டார்கள், திறந்திருந்த கணக்கைக் காப்பி செய்து கொடுத்தார். முடிந்தது. (செபோலியாவுக்கு உங்கள் கணினியைக் கொஞ்சம் உழைக்கவிட்டுக் காசு தரும் ஃபாசெட்டும் இருக்கிறது. அதற்கு மெயின்நெட் பேலன்ஸ் வேண்டியதில்லை.)

"அடுத்த நிமிஷமே ஃபைலை டெலீட் பண்ணிட்டேண்ணா" என்றார். கிட் என்பதே பழையதை மறக்காமல் வைத்துக்கொள்ளும் கருவி. பழைய கமிட்டில் (சேமித்த பதிப்பில்) கீ அப்படியே இருக்கும். தவிர, பொதுவில் ஏறுகிற கமிட்டுகளை பாட் எனும் தானியங்கி நிரல்கள் ராப்பகலாகத் துழாவிக்கொண்டிருக்கின்றன. ஒருமுறை வெளியே போன கீ செத்த கீ.

பணம் போனதையாவது ஒரு பாடமாக எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அதைவிடப் பயம், டிப்ளாய் செய்த கணக்கே காண்ட்ராக்டின் ஓனராகவும் இருப்பதுதான். கீ போனால் அந்தக் காண்ட்ராக்டின் டோக்கனை (அதன் கிரிப்டோ காசை) அச்சடிக்கும் உரிமையும் கூடவே போகும். அப்கிரேடு செய்யக்கூடிய காண்ட்ராக்ட் என்றால் முழு நிரலையும் மாற்றிவிடலாம். ஓனர் யார் என்பதை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்கு 2017 நவம்பரே போதும்: பாரிட்டி மல்ட்டிசிக் வாலட்டின் (பலர் கையெழுத்துப் போட்டால்தான் பணம் நகரும் வாலட்) பொது லைப்ரரிக்கு, அதாவது வாலட்டுகள் பகிர்ந்துகொண்ட காண்ட்ராக்டுக்கு, ஓனர் அமைக்கப்படாமலே இருந்தது. யாரோ ஒருவர் தன்னை ஓனராக்கிக்கொண்டு அதை அழித்தார். அதை நம்பியிருந்த வாலட்டுகளில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஈதர் முடங்கியது. இன்றைக்கும் எடுக்க முடியவில்லை.

இனி, செய்ய வேண்டியவை. டெவலப்மெண்டுக்குத் தனி பிரவுசர் புரொஃபைல், அதில் தனி வாலட், தனி 12 சொற்கள் (வாலட்டின் எல்லாக் கீகளும் பிறக்கும் மூலச் சொற்கள்). பழைய சொற்களிலேயே இரண்டாவது கணக்குத் திறந்தால் போதாதா என்று கேட்காதீர்கள். என்வ் கோப்பில் 12 சொற்களையே ஒட்டி வைக்கிற ஆட்களை நான் பார்த்திருக்கிறேன், அப்போது எல்லாக் கணக்கும் சேர்ந்து போகும். முதல் கமிட்டுக்கு முன்னாலேயே, கிட் தொடக்கூடாத கோப்புகளின் பட்டியலான கிட்இக்னோரில் என்வ் கோப்பைச் சேருங்கள். எக்ஸாம்பிள் என்று பெயர் வைத்த மாதிரிக் கோப்பில் அசல் கீயைப் போடாதீர்கள். சிரிக்காதீர்கள், இதுவும் நடக்கிறது. நெக்ஸ்ட் ஜேஎஸ் என்ற இணையதளக் கருவியில் 'நெக்ஸ்ட் பப்ளிக்' என்று தொடங்கும் மாறியில் கீயை வைத்தால் அது பார்க்க வருகிற ஒவ்வொருவரின் பிரவுசருக்கும் போய்ச் சேரும். பெயரிலேயே பப்ளிக் என்று இருக்கிறதே, ஐயா! ஃபவுண்டரியிலும் ஹார்ட்ஹாட்டிலும் கீயைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டிவைக்கும் கீஸ்டோர் வசதி இருக்கிறது, அதைப் பழகுங்கள். மெயின்நெட்டுக்குப் போனால் ஓனர் உரிமையை அன்றைக்கே ஒரு மல்ட்டிசிக்குக்கு மாற்றுங்கள்.

இன்டர்வியூ வேலை என்று யாரோ அனுப்பும் ரெப்போவை (நிரல் தொகுப்பை), வாலட் இருக்கிற கணினியில் ஓட்டாதீர்கள். இது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

இத்தனைக்கும் பிறகு கீ போய்விட்டால், முதலில் புதுக் கணக்கு. அதற்கு ஓனர் உரிமையை மாற்றுங்கள், பிறகு மிச்சப் பணத்தை நகர்த்துங்கள். ஆனால் பழைய கணக்கில் கேஸுக்குக்கூட (செயினில் பணம் நகர்த்தும் கட்டணத்துக்கு) காசு இல்லையென்றால் தயவுசெய்து அவசரப்பட்டுப் போடாதீர்கள். மெயின்நெட்டில் அந்தத் தம்பிக்கு வேறு கொஞ்சம் டோக்கன் மிச்சமிருந்தது. அதை எடுக்க நண்பனிடம் கடன் வாங்கிப் போட்ட ஈதரை பாட் அடுத்த பிளாக்கிலேயே (செயினில் சேரும் அடுத்த பரிவர்த்தனைக் கட்டு), 12 நொடியில், அள்ளிக்கொண்டு போய்விட்டது. கேஸ் போடுவதையும் டோக்கனை நகர்த்துவதையும் ஒரே கட்டாக ஒரே பிளாக்கில் சேர்க்க வழி இருக்கிறது, அது தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். இரவு பதினொன்றரை ஆனாலும் பரவாயில்லை, காசு போடுவதற்கு முன்னால் கூப்பிடுங்கள்.