ஓப்பன் ஃபில்டர் மாட்டினால் கார் நன்றாக இழுக்குமா?

போடியிலிருந்து முந்தல் தாண்டி மலை ஏறத் தொடங்கினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அதற்கப்பால் பூப்பாறை, மூணாறு என்று கேரளம். சின்ன பெட்ரோல் கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்தச் சாலை ஒரு விஷயத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். கீழே சமவெளியில் பறந்த வண்டி, மேலே போகப் போக திணறும். ஏசியை அணைத்துவிட்டு, கியரைக் குறைத்து, மிதித்துத்தான் ஏற்ற வேண்டியிருக்கும்.

இந்தத் திணறலுக்கு மருந்தாகத்தான் 'ஓப்பன் ஃபில்டர்' விற்கிறார்கள். கம்பெனி கொடுத்த கறுப்பு பிளாஸ்டிக் பெட்டியைக் கழற்றிவிட்டு, பளபளக்கும் அலுமினியக் குழாயும் கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரும் மாட்டுவது. எஞ்சின் தாராளமாக மூச்சு இழுக்கும், பிக்கப் ஏறும், மைலேஜும் கூடும் என்பது விற்பவர் சொல்லும் கணக்கு. இதில் எவ்வளவு உண்மை என்று பார்க்க, காற்று போகும் வழியிலேயே நாமும் போக வேண்டும்.

எஞ்சினின் சக்திக்கு உச்சவரம்பு வைப்பது பெட்ரோல் அல்ல, காற்று. 1 கிலோ பெட்ரோல் சரியாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் இன்ஜெக்டரால் பீய்ச்ச முடியும். காற்றைத்தான் பிஸ்டன் கீழே இறங்கும் அந்தக் கண நேரத்துக்குள் இழுத்தாக வேண்டும். 1.2 லிட்டர் எஞ்சின் ஒன்று நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எல்லா சிலிண்டரும் நிரம்பும். அப்படியும் நொடிக்கு 60 லிட்டர் காற்று. அதிகக் காற்று போனால் அதிக சக்தி என்ற அடிப்படை சரிதான். கம்பெனி ஃபில்டர் அந்தக் காற்றை எவ்வளவு மறிக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உலக ராலி கார்களில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. அங்கே எஞ்சின் சக்தியைக் கட்டுப்படுத்தவே காற்றுவழியில் குறுகிய கழுத்து ஒன்றை வைத்தார்கள். பல ஆண்டுகள் அதன் விட்டம் 34 மில்லிமீட்டர், பிறகு சில ஆண்டுகள் 33. 2017-ல் 36 ஆக்கினார்கள். அந்தக் கழுத்தில் காற்று ஒலியின் வேகத்தை எட்டிவிட்டால், அதன் பிறகு எஞ்சின் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாக ஒரு துளி காற்றும் உள்ளே வராது. காற்றுவழி குறுகலாக இருந்தால் சக்தி குறையும் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் நம் 1.2 லிட்டர் காரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். குழாயின் விட்டம் 60 மில்லிமீட்டர் என்றால், நொடிக்கு 60 லிட்டர் போகும்போதும் உள்ளே காற்றின் வேகம் நொடிக்கு 21 மீட்டர்தான். ஒலியின் வேகமோ நொடிக்கு சுமார் 340 மீட்டர். கம்பெனிக் குழாய் மூச்சுத் திணறும் நிலைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

மறிப்பே இல்லை என்று சொல்லவில்லை. காற்று ஃபில்டரைத் தாண்டும்போது கொஞ்சம் அழுத்தம் இழக்கிறது. அது எவ்வளவு என்பதை யார் பேச்சையும் நம்பாமல் நீங்களே பார்த்துவிடலாம். ஸ்டியரிங்குக்குக் கீழே, காரின் கணினி காட்டும் எண்களைப் படிப்பதற்கென்று உள்ள ஓபிடி சாக்கெட்டில் சொருகும் சின்னக் கருவி ஒன்றும், கைபேசியில் ஒரு செயலியும் போதும். பெரும்பாலான சிறிய பெட்ரோல் கார்களில், நாம் மிதிப்பதற்கு ஏற்பத் திறந்து மூடும் த்ராட்டில் வால்வுக்குப் பின்னால் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் இருக்கிறது. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால் அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்டும். போடியில் சுமார் 97 கிலோபாஸ்கல் இருக்கும். பிறகு ஆள் நடமாட்டம் இல்லாத நல்ல சாலையில், இரண்டாம் கியரில் முழுதாக மிதித்து எஞ்சினை அதன் உச்ச சுற்றுக்குக் கொண்டு போகும்போது, பக்கத்தில் இருப்பவர் அந்த எண்ணைப் பார்க்கட்டும். 94 என்று காட்டினால், ஃபில்டர், பெட்டி, குழாய், த்ராட்டில் எல்லாம் சேர்ந்து விழுங்கியது 3 கிலோபாஸ்கல். அதாவது மூன்றே சதவீதம். இவை அத்தனையையும் மாயமாக மறைத்துவிட்டாலும் 80 குதிரைத்திறன் எஞ்சினுக்கு ஏறத்தாழ இரண்டரைதான் கூடும். ஃபில்டரின் பங்கு அதில் ஒரு பகுதி மட்டுமே. பத்து, பதினைந்து கூடும் என்ற பேச்சுக்கு அங்கே இடமே இல்லை.

அந்தச் சின்ன லாபமும் எப்போதும் கைக்கு வராது. மறிப்பு காற்றோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் பாதியானால் மறிப்பு கால்வாசியாகிவிடும். கொண்டை ஊசி வளைவிலிருந்து 3,000 சுற்றில் வெளியே வரும்போது, உச்சத்தில் இருந்த 3 கிலோபாஸ்கல் முக்கால் ஆகிவிட்டிருக்கும். அரை மிதியில் ஓட்டினாலோ ஃபில்டரின் மறிப்பு கணக்கிலேயே வராது. பெட்ரோல் எஞ்சினில் த்ராட்டில் வால்வே வேண்டுமென்று காற்றை மறிக்கத்தான் இருக்கிறது. ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது அதற்குப் பின்னால் அழுத்தம் 50 கிலோபாஸ்கலுக்கும் கீழே போகும். அங்கே ஃபில்டரின் ஒரு கிலோபாஸ்கலைக் குறைத்து என்ன ஆகப் போகிறது? கால் ஒரு மயிரிழை குறைவாக மிதிக்கும், அவ்வளவுதான்.

மைலேஜ் கதையும் இதோடு முடிந்துவிடுகிறது. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வுக்கூடம் 2009-ல் வேண்டுமென்றே அடைத்த ஃபில்டர்களைப் போட்டு கார்களைச் சோதித்தது. கணினிக் கட்டுப்பாட்டில் எரிபொருள் பீய்ச்சும் கார்களில் மைலேஜ் குறிப்பிடும்படி மாறவில்லை. முழுதாக மிதித்து வேகமெடுக்கும்போதுதான் தாமதம் தெரிந்தது. நன்றாக அடைத்த ஃபில்டரே மைலேஜைத் தொடவில்லை என்றால், புதிய ஃபில்டரை விடவும் 'தாராளமான' இன்னொன்று அதை எப்படிக் கூட்டும்?

அப்படியானால் மலையில் ஏன் திணறுகிறது? போடி கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர், போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர். கீழே 97 கிலோபாஸ்கலாக இருந்த காற்றழுத்தம் மேலே 86 ஆகிவிடும். மேலே குளிர்ச்சி இருப்பதால் காற்றின் அடர்த்தி கொஞ்சம் ஈடாகிறது. அப்படியும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு காற்று குறைகிறது. அதே 80 குதிரைத்திறன் எஞ்சினில் எட்டு குதிரைகள் வழியிலேயே இறங்கிவிடுகின்றன. இதை எந்த ஃபில்டராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. வெளியில் இல்லாத காற்றை எந்தக் குழாய் கொண்டுவரும்? காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் டர்போ உள்ள வண்டியில் மட்டும், அந்த டர்போ அதிகமாகச் சுழன்று குறையைப் பெருமளவு சரிக்கட்டும். மலைச்சாலையில் டர்போ கார் ஏன் சுகமாக ஏறுகிறது என்பதற்கு இதுவே முதல் காரணம்.

ஓப்பன் ஃபில்டரின் பெரிய குறை வெப்பம். காற்று சூடானால் அடர்த்தி குறையும். கம்பெனிப் பெட்டியைக் கவனித்துப் பாருங்கள்: அதன் மூக்கு பெரும்பாலும் ரேடியேட்டருக்கு மேலேயோ கிரில்லுக்குப் பின்னாலோ, எஞ்சின் சூடு படாத இடத்தில் திறந்திருக்கும். வெளிக்காற்றை இழுக்கும் வழியைத் தயாரிப்பாளரே கொடுத்துவிட்டார். அதைக் கழற்றிவிட்டு கூம்பு ஃபில்டரை பானட்டுக்குள் திறந்து வைத்தால், ரேடியேட்டரும் எக்ஸாஸ்ட்டும் கக்கும் காற்றைத்தான் அது உறிஞ்சும். சமவெளியில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பரவாயில்லை. மலையில் இரண்டாம் கியரில், முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருக்க, எஞ்சின் முழு உழைப்பில் இருக்கும்போது பானட்டுக்குள் காற்று ஓட்டமே இருக்காது. வெப்பம் எளிதாக 60, 65 டிகிரியைத் தொடும். வெளியே 35, உள்ளே 65 என்றால் காற்றின் அடர்த்தி 9 சதவீதம் போச்சு. சக்தி அந்த அளவுக்கு அப்படியே விழாது, சிலிண்டருக்குள் போகும் வழியில் எப்படியும் காற்று சூடேறுகிறது. ஆனாலும் 4, 5 சதவீதம் போய்விடும். அதோடு சூடான காற்றில் எஞ்சின் 'நாக்' அடிக்கப் பார்க்கும், அதாவது பெட்ரோல் கலவை நேரம் தவறித் தானாகவே பற்றிக்கொள்ளும். அதைத் தடுக்க கணினி ஸ்பார்க்கைத் தாமதப்படுத்தும், இன்னும் கொஞ்சம் இழுவை போகும். கிடைக்க வாய்ப்புள்ளது ஒன்று அல்லது இரண்டு சதவீதம், இழப்பது அதைப் போல இருமடங்குக்கு மேல். மலையேறத்தான் மாட்டினோம் என்றால், மலையில்தான் அது அதிகமாகக் கெடுக்கிறது.

இதையும் ஓபிடி கருவியிலேயே பார்க்கலாம். இன்டேக் காற்றின் வெப்பநிலை என்று ஓர் எண் வரும். முந்தலில் பார்த்துவிட்டு, ஏழெட்டு வளைவு ஏறிய பிறகு பாருங்கள். கம்பெனிப் பெட்டியில் அது வெளி வெப்பநிலையை ஒட்டியே நிற்கும். திறந்த ஃபில்டரில் ஏறிக்கொண்டே போகும்.

"அண்ணே, மாட்டுனதுல இருந்து வண்டி சும்மா பிச்சுக்கிட்டுப் போகுதுண்ணே" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. காதில் விழுவதை நம்புகிறார்கள். "சத்தந்தான் கூடியிருக்கு தம்பி, இழுவை அதேதான்" என்று அனுபவமுள்ள மெக்கானிக் சொல்வார். அந்தச் சத்தத்துக்குப் பின்னாலும் அழகான இயற்பியல் இருக்கிறது. வால்வுகள் திறந்து மூடும்போது காற்றுக்குழாயில் அழுத்த அலைகள் முன்னும் பின்னும் ஓடுகின்றன. கம்பெனிக் குழாயில் எதற்கென்றே தெரியாமல் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் வெற்று டப்பா ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பெயரால் வழங்கும் ஒத்ததிர்வுப் பெட்டி அது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் சத்தம் வருகிறதல்லவா, அதே தத்துவத்தில் இந்த டப்பா குறிப்பிட்ட சுருதியிலுள்ள இரைச்சலை எதிர் அலையால் அடக்குகிறது. அதை எடுத்துவிட்டால் உறுமல் வரும். உறுமல் கேட்டதும் காலும் தானாகக் கூடுதலாக மிதிக்கும்.

டீசல் வண்டிகளில் பலவற்றிலும், சில பெட்ரோல் கார்களிலும் வேறொரு சிக்கல் வருகிறது. அங்கே காற்றின் எடையை அளக்க, குழாய்க்குள் சூடேற்றிய மெல்லிய கம்பி போன்ற சென்சார் இருக்கும். கடந்து போகும் காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துத்தான் கணக்கு. 60 மில்லிமீட்டர் குழாய்க்குப் பதில் 70 மில்லிமீட்டர் குழாய் போட்டால், அதே அளவு காற்று போனாலும் அதன் வேகம் கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். காற்றே குறைவு என்று கணினி தப்புக்கணக்கு போடும். அதோடு, எண்ணெய் பூசிய துணி ஃபில்டரைக் கழுவிவிட்டு எண்ணெயை அள்ளிப் பூசினால், அந்த எண்ணெய் கம்பியில் போய்ப் படியும்.

டர்போ வண்டிக்கு ஃபில்டர் மட்டும் மாற்றி லாபம் எதிர்பார்க்காதீர்கள். எவ்வளவு இழுவை தர வேண்டும் என்று கணினியில் எழுதியிருக்கிறதோ அவ்வளவுதான் வரும். கணினியில் எழுதியிருப்பதையே மாற்றி (ரீமேப்), டர்போவும் பெரிதாக்கி, காற்றுத் தேவை உண்மையிலேயே கூடிய எஞ்சினுக்கு பெரிய காற்றுவழி அவசியம். கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வேயில் ஓடும் பந்தயக் கார்களின் கதை வேறு. அடிக்கடி எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிற உலகம் அது.

எனக்கு சக்தியை விடப் பெரிய கவலை தூசு. கற்குவாரி லாரிகளுக்குப் பின்னால் போகும்போது நாம் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறோம், எஞ்சின் அதையேதான் உறிஞ்சுகிறது. கல் தூசில் இருக்கும் குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7. பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர் சுவருக்கும் நடுவில் அது போனால் உப்புத்தாள் வேலைதான். காகித ஃபில்டரின் நுண்ணிய இழைகள் இந்தத் தூசில் மிகப் பெரும்பகுதியைப் பிடித்துவிடும். எளிதாகக் காற்று விடும் ஃபில்டரில் துளைகள் பெரிதாக இருப்பதால் எளிதாகத் தூசும் போகும். இரண்டையும் ஒன்றாகப் பெற வேண்டுமானால் காகிதத்தின் பரப்பைக் கூட்டுவதுதான் வழி. கம்பெனி ஃபில்டர் அத்தனை மடிப்புகளோடு இருப்பது அதற்காகத்தான்.

ஜூன் மாதம் மலைக்கு அந்தப் பக்கம் மழை பிடித்துவிட்டால் இன்னொரு ஆபத்து. 'குளிர்ந்த காற்று' வேண்டுமென்று ஃபில்டரை பம்பருக்குள் தாழ்வாக வைக்கும் வகையும் உண்டு. வெப்பத்துக்கு அது நல்ல தீர்வு, தண்ணீருக்கு மோசமான இடம். நான்கு சிலிண்டர் 1.2 லிட்டர் எஞ்சினில், அழுத்த விகிதம் பத்துக்கு ஒன்று என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மேலே மிஞ்சும் இடம் 33 மில்லிதான். அதைவிடக் கொஞ்சம் அதிகத் தண்ணீர் உள்ளே போனாலும், தண்ணீர் அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடுதான் வளையும். பூப்பாறை பக்கம் ஓடும் ஜீப்புகளில் சிலர் ஸ்நார்க்கெல் குழாயைக் கூரை உயரத்துக்கு ஏற்றி வைத்திருப்பது இந்தப் பயத்தில்தான். அது நியாயமான மாற்றம்.

ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் பழைய டீசல் ஜீப்புகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். டீசலில் காற்றுக்குப் பஞ்சம் வந்தால் புகையில் தெரியும். ஏற்றத்தில் கரும்புகை கக்கினால், ஊற்றும் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை என்று பொருள். அந்த ஜீப்புகளில் முதலில் பார்க்க வேண்டியது ஃபில்டர். தூசை எண்ணெயில் படியவைக்கும் எண்ணெய்த் தொட்டி வகை ஃபில்டர் என்றால் அடியில் படிந்த சேற்றைக் கழுவி புது எண்ணெய் ஊற்றினாலே பல நேரம் வித்தியாசம் தெரியும். இன்ஜெக்டர், பம்ப் எல்லாம் அதற்குப் பிறகு.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கேரளத்திலிருந்து போன வழக்கு.

இழுவை வேண்டுமென்றால் செலவு குறைந்த வழி இருக்கிறது. சரியான அளவுள்ள புது காகித ஃபில்டரை வாங்கிப் போடுங்கள். மாட்டும்போது பெட்டியின் விளிம்பில் ரப்பர் முழுதாகப் பதிந்திருக்கிறதா, கிளிப்புகள் எல்லாம் பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். பெட்டி மூக்கின் குழாய் கழன்று தொங்கினால் அதுவும் ஓப்பன் ஃபில்டர் மாதிரி சூடான காற்றைத்தான் இழுக்கும். ஃபில்டருக்கு அடுத்துள்ள குழாயின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். சுத்தமாக இருக்க வேண்டும். நறநறவென்று மண் தட்டுப்பட்டால், ஃபில்டர் எந்தக் கம்பெனியுடையதாக இருந்தாலும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.