ஒளிக்கணினியில் 'இயல்' எதற்கு?

நேற்று திருத்துவதற்கு வந்த கட்டுரையில் இப்படி ஒரு வாக்கியம்: "ஒளியியல் கணினியில் ஒளியியல் சமிக்ஞைகள் ஒளியியல் தடங்களில் செல்கின்றன." ஒரே மூச்சில் மூன்று இயல். எந்த இயலும் அங்கே செல்லவில்லை ஐயா, செல்வது ஒளி.

பொருளை முதலில் சொல்லிவிடுகிறேன். இன்றைய கணினி மின்னோட்டத்தால் கணக்கிடுகிறது, மின்தடையால் சூடாகிறது. மின்னோட்டத்துக்குப் பதில் லேசர் ஒளியைச் சில்லுக்குள் செலுத்தி, அலைகளைப் பிரித்தும் சேர்த்தும் கணக்கிடுவது ஒளிக்கணினி, ஆங்கிலத்தில் 'ஆப்டிகல் கம்ப்யூட்டர்'. 1990இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் ஒளியால் இயங்கும் செயலி ஒன்றை இயக்கிக் காட்டியது. 2017இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 56 குறுக்கீட்டுமானிகள் (ஒளியலையைப் பிரித்து மீண்டும் சேர்க்கும் உறுப்புகள்) கொண்ட ஒளிச்சில்லை வைத்து, பேச்சில் வரும் உயிரெழுத்து ஒலிகளை இனங்காணச் செய்தார்கள்.

'ஆப்டிகல்' என்பதன் கிரேக்க வேர் பார்வையைக் குறிப்பது. கண், மூக்குக்கண்ணாடி, ஒளி, ஒளியைப் படிக்கும் துறை என எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் அந்த ஒரே சொல் சுமக்கிறது. தமிழுக்கு அந்த நெருக்கடி இல்லை. பொருள் ஒளி, துறை ஒளியியல். அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவதால்தான் இந்த வினை.

மின்சாரத்தில் சுற்றுவதை மின்விசிறி என்கிறோம். மின்னியல் விசிறி என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆப்டிகல் ஃபைபர் ஒளியிழையாக வந்தபோது யாரும் 'இயல்' கேட்கவில்லை. (வேதிவினையை 'வேதியியல் வினை' ஆக்கியவர்கள் உண்டு, அது தனிச் சண்டை.) ஒளியியல் கணினி என்று படித்தால், லென்ஸ் வடிவமைப்பவரின் மேசையில் இருக்கும் கணினிதான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஒளிக்கணினி என்றால் பளபளவென்று ஒளிரும் கணினி என்று நினைத்துவிடுவார்களாம். ஒளியிழையை அப்படி யார் நினைத்தார்கள்? சிலிக்கான் சில்லுகளில் பெரும்பாலும் ஓடுவது 1550 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய அகச்சிவப்பு ஒளி. கண்ணுக்கே தெரியாது.

'ஒளிமின் கணினி' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அந்தச் சொல் மேல் எனக்குக் கோபமில்லை, ஆனால் அதற்கு வேறு வேலை இருக்கிறது. ஒளிக்கதிர்கள் குறுக்கே கடந்தாலும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை. தகவல் அனுப்ப இது வசதி. ஒரு கதிரைக் கொண்டு இன்னொன்றை நிறுத்தப் பார்த்தால் இதுவே தொல்லை. ஒளியைப் பிடித்து வைத்திருப்பதும் கடினம். அதனால் நினைவகத்தையும் கட்டுப்பாட்டையும் மின்சுற்றிடம் விட்டுவிட்டு, பெருக்கலை மட்டும் ஒளியிடம் கொடுக்கும் கலப்புக் கருவிகள் வருகின்றன. ஒளிமின் கணினி என்ற பெயர் அவற்றுக்குத்தான் பொருந்தும். முழுக்க ஒளியால் இயங்குவதற்கும் அதையே வைத்தால் இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது?

ஒளியின் துகளான ஃபோட்டானை 'ஒளியணு' என்பதும் எனக்கு ஒப்பாது, அது அணு இல்லை. ஒளியன் என்போம், அல்லது ஃபோட்டான் என்றே எழுதுவோம்.

இன்னொன்று, க் முக்கியம். ஒளியால் கணக்கிடும் கணினி என்று விரியும் தொகை இது, வலி மிகும். மிகாமல் 'ஒளி கணினி' என்று எழுதினால் ஓடுதளம் போல வினைத்தொகையாகிவிடும்: ஒளிந்த, ஒளிகின்ற, ஒளியும் கணினி. நேற்றைய கட்டுரையில் அதுவும் இரண்டு இடத்தில் ஒளிந்திருந்தது.