வில்லன்: பண்ணையாளின் பெயர் கொடியவன் பெயரான கதை

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகப் பேசி, பகடை உருட்டி ஆடும் பாத்திர விளையாட்டில் கதையை நடத்துபவர் ஒருவர் உண்டு. எங்கள் குழுவில் அந்தப் பொறுப்பு என்னுடையது. அடுத்த கதைக்கு அரிஸ்டோனிகஸ் என்ற கிரேக்கக் கலக இளவரசனை எடுத்திருக்கிறேன். அவனுக்கான தாளில் 'வில்லன்' என்று தலைப்பிட்டேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. அந்தச் சொல்லை அவன்மேல் ஒட்ட மனம் ஒப்பவில்லை. ஏன் என்பது சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது.

லத்தீனில் 'வில்லா' என்றால் நாட்டுப்புறத்துப் பண்ணை வீடும் அதைச் சேர்ந்த நிலமும். அந்தப் பண்ணையில் உழைத்தவனை இடைக்கால லத்தீன் 'வில்லானுஸ்' என்றது. பழைய பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் அது ஆங்கிலத்துக்குப் போனது. பிரபுவின் நிலத்தைவிட்டு அகல உரிமையில்லாத குடியானவனைக் குறித்த சொல், பிரபுக்களின் வாயில் புழங்கிப் புழங்கி, முதலில் நாகரிகமற்றவன் என்றும், பிறகு இழிந்தவன் என்றும், கடைசியில் கயவன் என்றும் ஆனது. 'பட்டிக்காட்டான்' என்ற சொல் நம்மிடம் வசையானதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வழி புதிதாக இருக்காது. கதையில் நாயகனை எதிர்த்து நிற்கும் பாத்திரம் என்ற பொருள் மிகவும் பிந்தியது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்தது.

தமிழில் இது நாடகமும் சினிமாவும் பரப்பிய சொல். 'அன்' ஈறு தற்செயலாகப் பொருந்திவிட்டதால் சொந்தச் சொல் போலவே உட்கார்ந்துவிட்டது; 'வில்லி' என்ற பெண்பாலையும் நாமே ஆக்கிக்கொண்டோம். ஆனால் 'வில்' என்ற நம் சொல்லுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. குறுந்தொகையின் ஏழாம் பாட்டில் 'வில்லோன் காலன கழலே' என்று வருபவன் காதலியோடு பாலைவழி போகும் தலைவன். தமிழ் வில் ஏந்தியவன் நாயகன்.

அரிஸ்டோனிகஸ் யார்? இன்றைய துருக்கியின் மேற்குக் கரைப் பகுதியில் பெர்கமோன் அரசு இருந்தது. அதன் மன்னன் மூன்றாம் அட்டலஸ் கி.மு. 133இல் இறந்தபோது, நாட்டையே ரோமுக்கு உயில் எழுதி வைத்திருந்தான். 'நான் இரண்டாம் யூமெனஸின் மகன்' என்று சொல்லி அரியணை கேட்டு எழுந்தவன்தான் இவன். தாய், எபேசஸ் நகரத்து யாழிசைக் கலைஞர் ஒருவரின் மகள். மன்னன் முறைப்படி மணக்காத துணைவி. மகன் யூமெனஸ் என்ற அரச பெயரைச் சூட்டிக்கொண்டு வெள்ளிக்காசு அடித்தான். ஒரு பக்கம் கூடையிலிருந்து பாம்பு வெளியே வருகிறது. மறுபக்கம் பின்னிய இரு பாம்புகளுக்கு நடுவே ஒரு வில்லுறை. அருகே 'அரசன் யூமெனஸ்' என்பதன் முதலெழுத்துகள், மிகச் சிறியதாக. என் ஆட்டக்காரர்களின் கையில் முதலில் கிடைக்கப்போவது இந்தக் காசுதான். அவன் பின்னால்தான் வருவான்.

கடற்போரில் எபேசஸ் நகரத்தார் அவனைத் தோற்கடித்தார்கள். கரையை விட்டு உள்நாட்டுக்குப் போனவன் ஏழைகளையும் அடிமைகளையும் திரட்டினான். விடுதலை தருவதாக வாக்களித்தான். அவர்களுக்கு 'ஹீலியோபொலிட்டாய்' என்று பெயரிட்டான்: கதிரவன் நகரத்தார். ரோமில் ஏழைகளுக்கு நிலம் பங்கிட முயன்ற அரசியல் தலைவர் திபேரியஸ் கிராக்கஸுக்கு நண்பராக இருந்த பிளாசியஸ் என்ற தத்துவ அறிஞரும், கிராக்கஸ் கொல்லப்பட்ட பின் இவனிடம் வந்து சேர்ந்தார். இவர்களை அடக்க வந்த ரோமத் தளபதி கிராசஸ் கி.மு. 130இல் பிடிபட்டு உயிரிழந்தார்.

ஏழைகளும் அடிமைகளும் சேர்ந்த படைக்குத் தலைமை தாங்கியவனை, பண்ணையாளை இழிக்கப் பிறந்த சொல்லால் அழைப்பதா? இந்தச் சொல்லின் வரலாறு தெரிந்த பின் எனக்கு அது முடியவில்லை. விடுதலை என்ற வாக்கு அவனுக்கு உள்ளத்திலிருந்து வந்ததா, தோற்றபின் படைக்கு ஆள் சேர்க்க வந்ததா என்ற கேள்வி இருக்கவே இருக்கிறது. விளையாட்டுக்கு உயிர் தருவதும் அந்தக் கேள்விதான். 'வில்லன்' என்ற தலைப்போ, ஆட்டக்காரர்கள் கேட்பதற்கு முன்பே விடையைச் சொல்லிவிடுகிறது.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கொடியவன்', 'தீயவன்' என்பவை குணத்துக்குத் தீர்ப்பு எழுதும் சொற்கள். கதையில் அவனுக்குள்ள இடத்தைச் சொல்லாது. 'பிரதிநாயகன்' வடமொழி நாடக இலக்கணத்தின் சொல். பொருள் சரி, இன்று வழக்கில் இல்லை. 'எதிர்நாயகன்' பத்திரிகைகளில் புழங்குகிறது, ஆனால் இரண்டு வேலை பார்க்கிறது: நாயகனை எதிர்ப்பவனும் எதிர்நாயகன், நாயகனுக்குரிய நற்குணங்கள் இல்லாத நாயகனும் எதிர்நாயகன். எது என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது.

நான் தேர்ந்தது 'மாற்றான்'. மாறு என்பதிலிருந்து வந்த சொல், மறுபக்கத்தில் நிற்பவன். 'மாற்றான் தோட்டத்து மல்லிகைக்கும் மணமுண்டு' என்று அண்ணா சொன்னது எல்லோருக்கும் தெரியும். பகையும் அதில் இருக்கிறது, மணத்துக்கும் இடம் இருக்கிறது. பெண் பாத்திரமானால் மட்டும் கவனம் வேண்டும்: 'மாற்றாள்' சக்களத்தியைக் குறித்துவிடும். அங்கே 'மாற்றார்' என்பதே பொருந்தும்.

இந்தச் சொல்லோடு ஒரு கொடையும் சேர்ந்து வந்தது. 'வினைவலியும் தன்வலியும் மாற்றான் வலியும் துணைவலியும் தூக்கிச் செயல்' என்பது 471ஆம் குறள். என் தாளில் இப்போது இந்த நான்கு வலிகளும் நான்கு வரிகள். வினைவலி: ரோமின் கைக்குப் போய்விட்ட நாட்டை மீட்பது. தன்வலி: அரச பெயர், வெள்ளிக்காசு, விடுதலை என்ற வாக்கு. துணைவலி: திரேசிய வீரர்கள், பிளாசியஸ், கதிரவன் நகரத்தார். மாற்றான் வலி என்ற இடத்தில் ரோமும், அதன் பக்கம் சேர்ந்த பித்தீனியா, பாண்டஸ், கப்படோசியா, பப்லகோனியா என்ற நான்கு நாட்டு மன்னர்களும். அவன் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அவர்கள்தானே மாற்றார்.

முடிவை வரலாறே எழுதிவைத்திருக்கிறது. பெர்பெர்னா என்ற ரோமத் தளபதி அவனை ஸ்ட்ராடோனிகேயா நகரில் முற்றுகையிட்டுப் பிடித்தார். ரோமுக்குக் கொண்டுபோய்ச் சிறையில் கழுத்தை நெரித்துக் கொன்றார்கள். அவன் பிடிபட்ட பிறகும் சில ஊர்கள் பணியவில்லை. அடுத்து வந்த அக்விலியஸ் என்ற தளபதி ஊற்றுகளில் நஞ்சு கலந்து அவற்றைப் பணியவைத்தார் என்று ரோம வரலாற்றாசிரியர் புளோரஸே கண்டித்து எழுதியிருக்கிறார்.

எங்கள் கடைசிக் காட்சி அந்த ஊற்றங்கரையில் நடக்கும். அரிஸ்டோனிகஸ் அங்கே இருக்கமாட்டான். ஆட்டக்காரர்கள் ரோமப் படையின் கூலியாட்களாக நிற்பார்கள், கையில் நஞ்சுக் குடம், எதிரே தண்ணீர் எடுக்க வரும் ஊரார். தாளின் தலைப்பில் மாற்றான் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் அவன் பெயரைப் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன்.